எனக்குப் பிடிக்கும், இத்தாலியனில்

7 அக்டோபர் 2024, தூரின்

இங்கே யாரை அறிமுகப்படுத்தினாலும் கை குலுக்கி "பியாச்சேரே" (மகிழ்ச்சி) என்கிறார்கள். இன்று மாலை வகுப்பில் அதே சொல் வினைச்சொல்லாக வந்தது. "மி பியாச்சே இல் கஃபே." 'மி' என்றால் எனக்கு. எனக்குக் காபி பிடிக்கும், அவ்வளவுதான்! ஆங்கிலம் வழியாகப் படிக்கும் பக்கத்து இருக்கைக்காரர் அதில் 'நான்' எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். நாம் என்றைக்கு 'நான் காபியைப் பிடிக்கிறேன்' என்றோம்?

10 அக்டோபர்

கொண்டாட்டம் மூன்று நாள்தான். வகுப்பில் ஜாண்டுயோத்தி நீட்டினார்கள், இந்த ஊர் ஹேசல்நட் சாக்லேட். "மி பியாச்சே" என்றேன். "பியாச்சொனோ" என்று திருத்தினார் ஆசிரியை. ஒன்றென்றால் பியாச்சே, பலவென்றால் பியாச்சொனோ. தமிழில் ஒரு மாம்பழமும் பிடிக்கும், ஒரு கூடையும் பிடிக்கும். வினை அசைவதே இல்லை. நாம் 'உன்னைப் பிடிக்கும்' என்று 'ஐ' போட்டுவிடுகிறோம். இவர்களுக்குச் சாக்லேட்தான் எழுவாய். அப்புறம் வினை அதன் பின்னால்தானே போகும்.

21 அக்டோபர்

மானம் போயிற்று. வேலையில் கூடமாட உதவிய ஒருவரிடம் "மி பியாச்சி" என்றேன். எழுவாய் 'நீ', ஆகவே பியாச்சி. இலக்கணத்தில் பத்துக்குப் பத்து. மனிதர் காது வரை சிவந்துவிட்டார். அது பெரும்பாலும் காதல் பேச்சாம். நட்புக்கு "மி ஸ்தாய் சிம்பாத்திகோ" என்று ஒன்று தனியாக இருக்கிறது. இதை ஏன் முதல் நாளே சொல்லித் தரவில்லை?

3 நவம்பர்

மாடி வீட்டுப் பாட்டி பாஞா காவ்தா சாப்பிட அழைத்தார். பூண்டு, நெத்திலி மாதிரியான உப்பு மீன், ஆலிவ் எண்ணெய் மூன்றும் சிறுதீயில் கரைந்து குழம்பாகக் கிடக்கும். காய்கறியைத் தோய்த்துத் தின்ன வேண்டும். குளிருக்கு அப்படி ஒரு சுகம். இறந்த காலத்தில் பாராட்டினேன்: "மி எ பியாச்சுத்தோ." பண்டத்தின் பெயர் பெண்பால், ஆகவே முடிவு 'தோ' அல்ல, 'தா': பியாச்சுத்தா. பாட்டி விரலை ஆட்டி, "தா, தா" என்றார். நான் தட்டை நீட்டிவிட்டேன்.

9 நவம்பர், சனி

போர்த்தா பலாட்சோ சந்தை. காசை எண்ணிப் பார்த்த காய்க்காரர், "மாங்கனோ சின்குவாந்தா சென்டேசிமி" என்றார். ஐம்பது சென்ட் குறைகிறது. இதுவும் பியாச்சேரேயின் பங்காளிதான்: "மி மாங்கி" என்றால் எனக்கு நீ குறைகிறாய், அதாவது உன் நினைப்பாகவே இருக்கிறது. ஐம்பது சென்ட் பன்மை, அதனால் மாங்கனோ. நான் இப்படி விகுதி பார்த்துக்கொண்டு நிற்க, பின்னால் நின்ற அம்மாள் பொறுமையிழந்து அந்த ஐம்பதைத் தானே கொடுத்துவிட்டார்.