நாற்கொம்புப் பச்சோந்தி: இரண்டாம் ஈட்டில் ஏழு குஞ்சுகள்

தென் ஜெர்மனியில் நான் குடியிருக்கும் வீட்டின் நிலவறையில், 2024 ஆகஸ்ட் 11 அன்று காலை, நாற்கொம்புப் பச்சோந்தியின் முதல் குஞ்சு முட்டை ஓட்டைக் கிழித்துத் தலையை வெளியே நீட்டியது. முட்டையிட்டு 155 நாள் ஆகியிருந்தது. இதற்கு முந்தைய ஈட்டின் முட்டைகளை முழுவதும் இழந்தவன் என்பதால், அன்று நெடுநேரம் அந்தப் பெட்டியை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

நான் வளர்ப்பது ட்ரையோசெரோஸ் குவாட்ரிகார்னிஸ் இனத்தின் கிராசிலியர் என்னும் துணையினம். மேற்குக் கேமரூனின் ஓகு, லெஃபோ போன்ற மலைகளின் ஈரக் காடுகள் இதன் இருப்பிடம். ஆணின் மூக்கின்மேல் பெரும்பாலும் நான்கு கொம்புகளும், முதுகிலும் வாலடியிலும் பாய்மரம் போல் எழும் தோல் மடிப்பும், தாடையின் கீழ்த் தாடி போன்ற செதில்களும் உண்டு. அக்காடுகள் வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறிவருவதால், காட்டில் பிடித்த விலங்கை வாங்குவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தேன். 2022 அக்டோபரில் வந்த இணை, வேறொரு வளர்ப்பாளரிடம் பொரித்தது. இவ்வினம், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பதால், பிறப்புச் சான்றோடு இங்குள்ள அலுவலகத்தில் பதிந்தேன். (இந்தியாவில் நம் ஊர்ப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, அதை வீட்டில் வைக்கவே கூடாது.)

முதல் ஆண்டில் நான் செய்த பிழை வெப்பம். யேமன் பச்சோந்தியை வளர்த்த பழக்கத்தில், 2023 மே மாதம் கிடைத்த பன்னிரண்டு முட்டைகளையும் 25 டிகிரியில் வைத்தேன். ஆறாம் வாரத்திற்குள் அவை ஒவ்வொன்றாகச் சுருங்கிப் பூஞ்சை பிடித்தன. அதே ஆண்டு ஜூலையில் வெயில் அலை வந்து, இரவிலும் அறை 26 டிகிரிக்குக் கீழே இறங்காதபோது, ஆண் பச்சோந்தி இரையை மறுத்து, வெளிறிய நிறத்தோடு வாயைத் திறந்தபடியே கிளையில் கிடந்தது. வலைக்கூண்டுகள் இரண்டையும் நிலவறைக்கு இறக்கினேன். அங்கு கோடை இரவிலும் 17 டிகிரிதான். புற ஊதாக் குழல்விளக்கையும் சிறிய வெப்ப விளக்கையும் கொண்டு பகலில் 24 டிகிரி வரை ஏற்றி, விடியுமுன்பும் மாலையிலும் நீர் தெளித்தேன். ஐந்தாம் நாள் அது ஒரு சுவர்க்கோழிப் பூச்சியை நாக்கால் எட்டிப் பிடித்தது. இந்த விலங்கிற்கு நாம் தேடித் தர வேண்டியது இரவுக் குளிரே என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பகல் வெப்பத்தை ஒரு சிறிய விளக்கே தந்துவிடுகிறது. குளிர்காலத்தில் நிலவறைச் சன்னலைத் திறந்து, இரவை 12 டிகிரி வரை இறக்கினேன்.

2024 மார்ச் தொடக்கத்தில் பெண் இரை எடுப்பதை நிறுத்திவிட்டுத் தரையில் அலைந்தது. மண்ணும் மணலும் கலந்து, கையால் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு ஈரத்தில், இருபது சென்டிமீட்டர் ஆழத்திற்கு நிரப்பிய தொட்டியைக் கூண்டினுள் வைத்து, துணியால் மூடி, எட்டிப் பார்ப்பதையும் தவிர்த்தேன். மார்ச் 9 அன்று பத்து முட்டைகள் கிடைத்தன. மேல் பக்கம் மாறாமல் அவற்றை ஈரத்தைப் பிடித்து வைக்கும் வெர்மிகுலைட் என்னும் கனிமத் துகளை நனைத்து, அதில் பாதி புதைத்து, நிலவறையின் மூலையிலேயே 18 முதல் 20 டிகிரிக்குள் விட்டேன். இரண்டு முட்டைகள் முதல் மாதத்திலேயே மஞ்சளாகிக் கெட்டன. மற்றவை மெல்ல நீரை உறிஞ்சிப் பருத்தன; பொரிப்பதற்கு முன் அவற்றின் ஓட்டின்மேல் வியர்வை போல் துளிகள் தோன்றின. ஒன்பது நாள்களில் ஏழு குஞ்சுகள் வெளிவந்தன. எட்டாவது, முழுமையாக வளர்ந்தும் ஓட்டைக் கிழிக்காமல் உள்ளேயே இறந்திருந்தது. அதன் காரணம் எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

குஞ்சுகளுக்குப் பழ ஈக்களும் அன்று பொரித்த சுவர்க்கோழிப் பூச்சிகளும் இரை. இரையின்மேல் கால்சியம் தூளை மெல்லிய பூச்சாகத் தூவுகிறேன். வைட்டமின் டி3 கலந்த தூளை மாதம் இருமுறைக்கு மேல் தருவதில்லை, ஏனெனில் மலைப் பச்சோந்திகளுக்கு அது மிகுந்தால் கழுத்தில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். எச்சத்தில் யூரேட் (சிறுநீருக்கு ஈடான கெட்டிக் கழிவு) வெண்மையாக இருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்கிறேன்; அது ஆரஞ்சு நிறமாக மாறினால் நீர் தெளிப்பைக் கூட்ட வேண்டும். ஏழும் தனித்தனிச் சிறு கூண்டுகளில் உள்ளன. அவற்றில் மூத்ததன் மூக்கின்மேல் இரண்டு சிறு புடைப்புகள் தெரியத் தொடங்கியிருக்கின்றன.