37 மெயில்களும் ஒரு கசிவும்

பிஎச்.டி. முடித்து ஜெர்மனியில் ஆராய்ச்சி வேலை கிடைத்த கதை இது, அப்புச்சியின் நோட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கோபி பக்கம் விவசாயி. சொசைட்டிக்கு ஊற்றும் பாலுக்கு 40 வருடமாக நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதியவர். நான் எம்.டெக். படிக்கையில் ஒரு பொங்கல் லீவில் அந்த நோட்டுகளைப் புரட்டினேன். முந்தின வருட நோட்டில் கட்டம் நிறைய நின்ற எழுத்து, அந்த வருடம் பக்கத்துக்குப் பக்கம் சுருங்கி, கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி கிடந்தது. "கண்ணு மங்கலாயிப் போச்சு அம்மிணி" என்றார். கை நடுங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கோவையில் காட்டியபோது பார்கின்சன் என்றார்கள். எழுத்து சிறுத்துப்போவது அந்த நோயின் அடையாளங்களில் ஒன்று என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நோட்டு முதலிலேயே சொல்லியிருக்கிறது, எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை.

பிஎச்.டி. கோவையில். நரம்பணுவின் (நியூரான்) உடலை ஓர் அறையிலும், அதிலிருந்து வால் போல நீளும் ஆக்ஸானை இன்னோர் அறையிலும் பிரித்து வளர்க்கும் சிப் செய்வதுதான் என் வேலை. 1977-ல் ராபர்ட் கேம்பனாட் டெஃப்லான் தடுப்பைக் கிரீஸ் வைத்து ஒட்டி இதைச் செய்து காட்டினார். 2005-ல் ஆன் டெய்லரும் அவர் குழுவும் அதைச் சிலிகான் ரப்பரில் சிப்பாகக் கொண்டுவந்தார்கள். இரண்டு அறைக்கும் நடுவே 10 மைக்ரான் அகலம், 3 மைக்ரான் உயரத்தில் வரிசையாக நுண் வாய்க்கால்கள். அணுவின் உடல் அதில் நுழையாது, ஆக்ஸான் மட்டும் ஊர்ந்து அந்தப் பக்கம் போய்விடும். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவளுக்கு இதை அப்புச்சியிடம் விளக்குவது சிரமமாக இல்லை. "ரெண்டு வயலு, நடுவுல மடை, அவ்வளவுதானே" என்றார்.

அந்த வாய்க்காலுக்கான அச்சை எங்கள் கல்லூரியில் எடுக்க முடியாது. பெங்களூர் ஐஐஎஸ்சி-யில், வெளிக் கல்லூரிக்காரர்களுக்கும் இடம் தரும் ஐஎன்யூபி திட்டத்தில் எடுத்தேன். மற்றதெல்லாம் கோவையில்தான். ரப்பர் பசையையும் அதை இறுக்கும் திரவத்தையும் 10-க்கு 1 கலந்து, குமிழி போகும்வரை வேக்குவத்தில் வைத்து, அச்சில் ஊற்றி, ஓவனில் வேகவைத்து, பிளேடால் அறுத்தெடுக்க வேண்டும். சிப்பை மைக்ராஸ்கோப்பில் அசையாமல் பிடிக்கும் அலுமினிய ஹோல்டரைக் கணபதியில் பம்ப் பாகம் கடையும் ஒரு லேத் பட்டறையில் செய்துகொடுத்தார்கள். "எத்தனை மைக்ரானுங் அம்மிணி விடலாம்?" என்று அந்த அண்ணன் கேட்டதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. என் பாஷை அவருக்குப் புரிந்திருந்தது.

இனிக் கசிவு. பார்கின்சனில் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் நரம்பணுக்குள் கட்டியாகிறது. அந்தக் கட்டி ஓர் அணுவிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறதா, எப்படித் தாவுகிறது என்பது பெரிய கேள்வி. நான் ஒளிரும் சாயம் ஏற்றிய புரத இழைகளை ஒரு பக்கம் விட்டேன். சில நாளில் மறுபக்க அணுக்களில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. லேபே சந்தோஷப்பட்டது, கருத்தரங்குக்குச் சுருக்கம்கூட அனுப்பிவிட்டோம். எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அணுவே இல்லாத வெறும் சிப்பில் சாயத்தை மட்டும் விட்டு வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் மறுபக்கமும் பச்சை. இன்குபேட்டரின் தட்டு லேசாகச் சாய்ந்திருந்தது. சாயம் விட்ட பக்கம் நீர்மட்டம் உயர்ந்து நின்று, ஆக்ஸான் வழியாக இல்லாமல் மடை வழியாகவே ஒழுகியிருக்கிறது. மேட்டு வயல் நிறைந்தால் பள்ளத்துக்குத் தண்ணீர் தானே போகும்! புரதம் விடும் பக்கத்தில் 50 மைக்ரோலிட்டர் குறைத்து ஊற்றினால் ஓட்டம் அந்தப் பக்கமே திரும்பும், சாயம் தாண்டாது. பழைய ஆய்வுகளில் இது எழுதியே இருக்கிறது. நான்தான் தினமும் மட்டம் பார்க்கத் தவறியிருந்தேன். சுருக்கத்தைத் திரும்பப் பெற்றோம். 8 மாத வேலையை முதலிலிருந்து செய்தேன்.

பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலையான போஸ்ட்டாக் தேட ஆரம்பித்தபோது இதை எங்கேயும் சொல்லவில்லை. முதல் 30 மெயிலும் ஒரே வார்ப்பு. உலகில் இத்தனை பேருக்கு மறதி நோய், இத்தனை பேருக்கு நடுக்கம் என்று ஆரம்பித்து, என் கட்டுரைப் பட்டியலில் முடியும். பதில் வந்தது 4. ஒரு லேபில் இன்டர்வியூ முடித்து எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள், 3 மாதம் பேச்சில்லை, பிறகு நிதி வரவில்லை என்றார்கள். அதற்குள் ஒறம்பரை அத்தனை பேருக்கும் அம்மா சொல்லி முடித்திருந்தார். அந்த மாதங்கள் கஷ்டமானவை, அதிகம் எழுத விருப்பமில்லை.

என் கைடுதான் ஒரு நாள், "அவங்களுக்குத் தெரிஞ்ச நோயைப் பத்தியே அவங்களுக்குச் சொல்லிட்டு இருக்கீங்களே" என்றார். அடுத்த 7 மெயிலை ஒவ்வொன்றாக, நாலைந்து நாள் எடுத்து எழுதினேன். அந்த லேபின் இரண்டு கட்டுரைகளைப் படிப்பேன். அவர்கள் கருவியைப் பற்றி எனக்கு நிஜமாகவே எழுந்த ஒரு கேள்வியை முதல் வரியில் வைப்பேன். இரண்டாம் பத்தியில் கசிவுக் கதை. ஏழில் மூன்று பேர் அந்த வாரமே பதில் போட்டார்கள். அதில் ஒன்றுதான் இப்போது நான் இருக்கும் ஜெர்மனி லேப்.

இன்டர்வியூவில் 20 நிமிடம் பேச்சு, ஒரு மணி நேரம் கேள்வி. மூன்றாவது கேள்வியே, "புரதம் ஆக்ஸான் வழியாகத்தான் வந்தது, ஒழுகி வரவில்லை என்று எப்படி உறுதியாகச் சொல்வீர்கள்?" என்பதுதான். வெறும் சிப்பின் படத்தைத் திரையில் போட்டேன். சாய்ந்த தட்டு, நீர்மட்டம், திரும்பப் பெற்ற சுருக்கம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், தங்கள் சிப் மருந்தை உறிஞ்சிக்கொள்வதைச் சொல்லி யோசனை கேட்டார். இந்த ரப்பர் எண்ணெய்த்தன்மை உள்ள சிறு மூலக்கூறுகளைக் குடித்துவிடும், அணுவுக்குப் போய்ச்சேரும் அளவு நாம் ஊற்றிய அளவாக இருக்காது. அதன் பிறகு கேள்வி பதிலாக இல்லை, சேர்ந்து வேலை செய்கிறவர்கள் பேசுவது போல இருந்தது. இரண்டு வாரத்தில் ஆஃபர் வந்தது.

காகித வேலையில் என்னை அலைக்கழித்தது பெயர். டிகிரியில் எனக்கு இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக. ஒப்பந்தத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இல்லாமல் வந்து, திருத்தி வாங்க 3 வாரம் ஆனது. நம் ஊர்க்காரர்கள் முதல் மெயிலிலிருந்தே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் போடுங்கள். பட்டமளிப்பு விழா வரை காத்திருக்காமல் பட்டச் சான்றிதழுக்கு முன்பே எழுதிப் போடுங்கள். உங்கள் பல்கலைக்கழகம், வெளிநாட்டுப் படிப்புகளை மதிப்பிடும் ஜெர்மனியின் அனபின் தளத்தில் எச்-பிளஸ் (அங்கீகாரம் உண்டு) என்று இருக்கிறதா பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். ஆராய்ச்சியாளர் விசாவுக்கு அந்த நிறுவனம் தரும் ஹோஸ்டிங் அக்ரிமென்ட்டை (ஆராய்ச்சிக்கு உங்களை ஏற்கும் ஒப்பந்தம்) கேட்டு வாங்குங்கள். சம்பளம் பெரும்பாலும் டிவி-எல் ஈ13 என்ற ஜெர்மன் மாநில அரசுச் சம்பள அட்டவணைப்படிதான். ஆனால் அதற்குள் எந்தப் படிநிலை என்பதற்கு முன் அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்கள். கையெழுத்துக்கு முன்னாலேயே கேளுங்கள், நான் கேட்டேன். விசாவுக்குச் சேரன் எக்ஸ்பிரஸில் சென்னை போய்வந்தேன்.

கிளம்பும் முந்தின நாள் பொழுதோட அப்புச்சிக்கு மாத்திரை அட்டவணையைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். பார்கின்சன் மருந்தான லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட வேண்டும், பருப்பும் பாலும் கூடவே போனால் மருந்து சரியாக ஏறாது. பால்காரருக்கே பாலைத் தள்ளிவைக்கச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அதுக்கென்ன அம்மிணி, கறந்து வெச்ச பால் எங்க போயிறப் போவுது" என்றார்.

இங்கே வந்து 5 மாதம் ஆகிறது. இந்த லேபின் மைக்ராஸ்கோப் மேடைக்குச் சிப் ஹோல்டர் பொருந்தவில்லை. போன வாரம் கணபதி அண்ணனுக்கு வரைபடம் அனுப்பினேன். மூன்று துளைகளின் இடைவெளியைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். நாளைக்கு அளந்து சொல்ல வேண்டும்.