மழை மாதத்தில் ஆள் எடுப்பது: மலையக விடுதிகளுக்கான கணக்கு

சித்திரை வசந்தகாலக் கூட்டம் கலைந்து, வெசாக் போயாவோடு சிவனொளிபாதமலை யாத்திரையும் முடிந்துவிட்டால் நுவரெலியா, ஹட்டன், நல்லதண்ணிப் பக்கத்து விடுதிகளில் பாதி அறைகள் பூட்டியே கிடக்கும். தென்மேல் பருவமழை பிடித்துக்கொள்ளும். பல முதலாளிமார் அப்போது ஆளைக் குறைத்துவிட்டு, நவம்பர் கடைசியில் திரும்பவும் ஆள் தேடி அலைகிறார்கள். வேலை தெரிந்த சமையல்காரர் டிசம்பரில் சும்மா இருக்கமாட்டார். இருப்பவரும் கேட்கும் சம்பளம் வேறாக இருக்கும். நிரந்தர ஆளை எடுக்கவேண்டியது ஜூன், ஜூலையில்தான்.

எல்ல, பண்டாரவளை ஆகிய ஊர்களுக்கு இந்த நாட்காட்டி சரிவராது. ஊவாப் பக்கம் ஜூலை, ஓகஸ்டில் வெயில். வெளிநாட்டுப் பயணிகளும் அப்போது வருவார்கள். அங்கே மழையும் மந்தமும் ஒக்டோபர், நவம்பரில்.

முதலில் தலைக்கணக்கு. தினமும் ஆள் நிற்கவேண்டிய இடத்துக்கு ஒருவர் போதாது. கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வாரம் ஒன்றரை நாள் ஓய்வு. அதுவே வருடத்துக்கு 78 நாள். வருடாந்த லீவு 14, கெஷுவல் லீவு 7. எல்லாம் கழித்தால் 365இல் மிஞ்சுவது 266. போயா நாட்கள் வேறு இருக்கின்றன. ஆக ஓர் இடத்துக்கு ஏறக்குறைய 1.4 ஆள், பத்து இடத்துக்குப் பதினான்கு பேர். பத்துப் பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஓவர்டைமில் ஓட்டும் இடங்களில்தான் சீசன் நடுவில் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்கள்.

இந்தத் தலைக்கணக்கை மழை மாதத்து அறை நிலவரத்துக்கு ஒருமுறையும் ஏப்ரல் நிலவரத்துக்கு ஒருமுறையும் போடுங்கள். முதல் எண்தான் நிரந்தர ஆட்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சீசன் ஆட்கள். சமையல், ரிசெப்ஷன், அறைகளுக்குப் பொறுப்பானவர் ஆகியோரை நிரந்தரமாக வையுங்கள். பாத்திரம் கழுவவும் பெட்டி தூக்கவும் கூடுதல் ரூம்-போய் (அறைப் பணியாளர்) வேலைக்கும் சீசன் ஆள் போதும். அறை வேலையை இரண்டு, மூன்று வாரத்தில் பழக்கிவிடலாம். ரிசெப்ஷனுக்கு மூன்று மாதமாவது வேண்டும். அதனால்தான் ஜூலை.

சேரும் திகதியும் கணக்கில் வரும். முதல் வருடத்தில் வருடாந்த லீவு கிடையாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை சேர்ந்தவருக்கு அடுத்த வருடம் 10 நாள், ஜூலை முதல் செப்டெம்பர் வரை சேர்ந்தவருக்கு 7 நாள். நியமனக் கடிதம் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் பிறகு வாக்குவாதம் இருக்காது.

சேவிஸ் சார்ஜ் விஷயத்தில்தான் அதிகம் சறுக்குகிறது. பில்லில் போடும் 10 சதவீதத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் தொழில் இது. மழை மாதத்தில் சேருபவர் கையில் அடிப்படைச் சம்பளமும் சில்லறையும்தான் வரும். “கொழும்புக் கடையே மேல்” என்று இரண்டாம் மாதமே பஸ் ஏறிவிடுவார். போன வருடம் மாதாமாதம் ஒருவருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை நேர்முகத்திலேயே எழுதிக் காட்டுங்கள். முதல் மூன்று மாதத்துக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையையும் உறுதி செய்யுங்கள். ஆள் ஓடி, மறுபடி தேடிப் பழக்கும் செலவோடு பார்த்தால் அது பெரிய தொகையல்ல.

சீசன் ஒப்பந்தம் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிந்தால் சுமார் 150 நாள். அதை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பன்னிரண்டு மாதத்துக்குள் 180 நாள் சேவை செய்தவரை ஆள் அதிகம் என்று நிறுத்த அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ தேவை. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அப்படி. லீவு நாட்களும் அந்த 180இல் சேரும். ஊழியர் சேமலாப நிதியும் முதல் நாளிலிருந்தே: முதலாளி 12, ஊழியர் 8 சதவீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னொரு 3 சதவீதம். தற்காலிக ஆள், தகுதிகாண் காலம் என்றெல்லாம் விலக்கு இல்லை.

ஆளை எங்கே பிடிப்பது? பண்டாரவளை ஹோட்டல் பாடசாலையில் படிப்பு முடிக்கிறவர்களைக் கேட்கலாம். கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வருவார்கள். கோயில் திருவிழாவுக்கும் வருவார்கள். அறிவித்தலை அந்த வாரத்தில் ஒட்டுங்கள், தமிழிலும் சிங்களத்திலும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டே ஷிப்ட் போடவேண்டும். முடியாவிட்டால் தங்க இடம் கொடுங்கள். வீட்டுப் பெரியவர்களை அழைத்து அந்த இடத்தைக் காட்டினால் பெண் பிள்ளைகளையும் வேலைக்கு விடுவார்கள். யூனிஃபோர்ம் ஆளுக்கு மூன்று செட். இரண்டு கொடுத்தால் அந்த மழையில் ஒன்றுகூடக் காயாது.