போனஸுக்காக கார்டு வாங்குற வியாதி

புது கிரெடிட் கார்டு வாங்கி, சொன்ன நாளுக்குள்ள சொன்ன அளவு செலவு பண்ணா பேங்க் போனஸ் பாயிண்ட் தரும், அதுக்காகவே கார்டு வாங்குற ஆளு நான். என் மேசை டிராயர்ல ஒரு நோட்டு கிடக்கு, அதுல கார்டு வாங்குன தேதி, போனஸுக்கு எவ்ளோ செலவு பண்ணணும், கடைசி நாள், வருஷ கட்டணம் எப்போன்னு கட்டம் போட்டு எழுதிருக்கேன், வீட்ல பாத்துட்டு வட்டிக்கடை கணக்கான்னு ஒரே கிண்டல். ஆனா நோட்டு இல்லாம இதுல எறங்கவே கூடாதுங்க. ஒருதடவை செலவு பண்ண 3 மாசம் கெடுன்னா கார்டு கைக்கு வந்த நாள்லேருந்துன்னு நெனச்சிட்டேன், அவங்க கணக்கு அப்ரூவ் ஆன நாள்லேருந்தாம், நாலே நாள் வித்தியாசத்துல மொத்த போனஸும் போச்சு.

கார்டை மூடுறதுலதான் சூட்சுமமே இருக்கு. போனஸ் வந்த கையோட மூடுனா சில பேங்க் அதைத் திருப்பி எடுத்துக்கும், அதனால ஒரு வருஷமாச்சும் வெச்சிருந்து, அடுத்த கட்டணம் விழறதுக்கு முன்னாடி பாயிண்டைக் காலி பண்ணிட்டுதான் மூடுவேன். அப்புறம் இந்த லிமிட் விஷயம், அதாவது கார்டுல எவ்ளோ வரைக்கும் செலவு பண்ணலாம்ங்கிறது, 2 லட்சம் லிமிட்ல ஒரு கார்டு, 1 லட்சத்துல ஒண்ணு வெச்சிருக்கீங்க, பாக்கி 60 ஆயிரம்னா 20 சதவீதம்தான் யூஸ், பெருச மூடிட்டா அதே பாக்கி 60 சதவீதம், லோன் குடுக்க பேங்க் பாக்குற கிரெடிட் ஸ்கோர் சர்ருனு எறங்கிரும். வீட்டு லோன் போடப்போறவங்க இந்தப் பக்கமே வராதீங்க, பில்லை முழுசா கட்டாம இழுக்குறவங்களும்தான், வட்டி போனஸை முழுங்கி ஏப்பம் விட்டுரும்.

எனக்கு அடுத்து மூட வேண்டியது நீலக் கார்டு, இன்னும் 812 பாயிண்ட் காலி பண்ண பாக்கி.