கவசத்தைப் போடுவதா வேண்டாமா என்பது கடையிலேயே முடிவாகிவிடுகிறது

ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் வாங்கி வைத்திருந்தும் போடாமல் போகிறவர்களிடம் காரணம் கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். ஹெல்மெட் நெற்றியை அழுத்துகிறது. ஜாக்கெட்டுக்குள் வெந்து போகிறது. கையுறை போட்டால் பிரேக் பிடியே தெரியவில்லை. பக்கத்துத் தெரு வரைக்கும்தானே. முதல் மூன்றும் வெறும் சாக்கு இல்லை, உண்மையான குறைகள். அளவு பார்க்காமல், பயன்பாடு யோசிக்காமல் வாங்கியதால் வந்தவை. அந்த மூன்றும் தீர்ந்துவிட்டால் நாலாவது காரணம் தானாகவே வலுவிழந்துவிடும். அதனால் விலை உயர்ந்ததைத் தேடுவதைவிட, பத்து நிமிடப் பயணத்துக்கும் யோசிக்காமல் மாட்டிக்கொள்ளக் கூடியதைத் தேடுங்கள் என்பேன்.

விழுகிற உடம்புக்கு இரண்டு ஆபத்து: மோதல், உரசல். உரசலை முதலில் பார்த்துவிடலாம். காய்ந்த தார்ச்சாலையில் உராய்வு எண் 0.7 என்று வைத்துக் கணக்குப் போட்டால், 60 கி.மீ. வேகத்தில் விழுந்தவர் எதிலும் மோதாமல் தேய்ந்துகொண்டே போய் நிற்பதற்குச் சுமார் 20 மீட்டர் ஆகும். கிட்டத்தட்ட இரண்டரை நொடி. 40 கி.மீ. வேகத்திலும் 9 மீட்டர், ஒன்றரை நொடி. சாதாரண ஜீன்ஸ் துணி அந்த உரசலில் ஒரு நொடி தாங்கினாலே பெரிது. மிச்ச நேரத்துக்குத் தேய்வது நம் தோல்தான். மெதுவாகத்தானே போகிறோம் என்பவர்கள் அந்த 40 கி.மீ. கணக்கை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

மோதலில் ஹெல்மெட்டின் வெளி ஓட்டைத்தான் எல்லோரும் தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். ஓடு கூரான பொருள் உள்ளே இறங்காமல் தடுக்கும், அடியைப் பரப்பிவிடும். அடியை வாங்கிக்கொள்வது அதற்கு உள்ளே இருக்கும் தெர்மகோல் அடுக்கு. அது நசுங்குவதால் தலை நிற்பதற்குக் கொஞ்சம் தூரம் கிடைக்கிறது. நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் வரும் தலை 3 மில்லிமீட்டரில் நின்றால் சராசரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல 950 மடங்கு அதிர்ச்சி. அதே தலை 35 மில்லிமீட்டரில் நின்றால் 80 மடங்கு சொச்சம். தலை பிழைப்பது கூடுதலாகக் கிடைத்த அந்த 32 மில்லிமீட்டரில்தான்.

நொடிக்கு 7.5 மீட்டர் என்பது ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரவிதியான ஈசிஈ (ECE) 22.05 சோதனையின் மோதல் வேகம். மணிக்கு 27 கி.மீ. இதைப் பிடித்துக்கொண்டு, ‘வெறும் 27-ல் சோதித்த ஹெல்மெட் 80-ல் எதற்கு ஆகும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் கணக்கில் ஒன்று விடுபட்டுப் போகிறது. வண்டி எந்த வேகத்தில் போனாலும் தலை தரையை நோக்கி விழும் உயரம் ஒன்றுதான். 1.7 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை தரையைத் தொடும்போது மணிக்கு 21 கி.மீ. வேகம் இருக்கும். முன்னோக்கிய வேகத்தில் பெரும்பகுதி சாலையில் தேய்ந்து கழிகிறது. நேராகக் கம்பத்திலோ லாரியிலோ மோதினால் கதை வேறு, அங்கே எந்த ஹெல்மெட்டுக்கும் எல்லை உண்டு. பின்னால் வந்த 22.06 விதியில் நொடிக்கு 6 மீட்டர், 8.2 மீட்டர் வேகங்களிலும் மோதவிடுகிறார்கள்; சாய்வான தளத்தில் மோதவிட்டுத் தலை சுழலும் முடுக்கத்தையும் அளக்கிறார்கள். புதிதாக வாங்குகிறவர்கள் தாடைப்பட்டையில் தைத்திருக்கும் துணுக்கில் 06 என்று தொடங்கும் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. 61 ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் வெளியான, மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பின் அறிக்கையின்படி ஹெல்மெட் மரண அபாயத்தை 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது.

இனி அளவு. புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, பின்மண்டையின் மிகப் புடைத்த இடம் வழியாக நாடாவைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். இது தொடக்கம் மட்டுமே, ஏனென்றால் ஒரே சுற்றளவில் நீளத் தலையும் உண்டு, உருண்டைத் தலையும் உண்டு. போட்டதும் கன்னச் சதை லேசாக உள்ளே தள்ளப்பட வேண்டும். ஹெல்மெட்டைப் பக்கவாட்டில் திருப்பினால் முகத்தோலும் கூடவே நகர வேண்டும். தோல் அப்படியே இருக்க ஹெல்மெட் மட்டும் சுழன்றால் ஓர் அளவு குறைத்துப் பாருங்கள். பிறகு பட்டையைக் கட்டி, தலையைக் குனிந்து, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கி நன்றாக இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அது விபத்திலும் கழன்று போகும். பலர் தவிர்க்கிற சோதனை இது, கடையில் கூச்சமாக இருக்கும், ஆனாலும் செய்துவிடுங்கள். கடைசியாக, கழற்றாமல் இருபது நிமிடம் போட்டபடியே இருங்கள். கழற்றியதும் நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்த தடம் இருந்தால் தலையின் வடிவமும் ஹெல்மெட்டின் வடிவமும் பொருந்தவில்லை. பெரிய அளவு வாங்கி அதைச் சரிக்கட்ட முடியாது. வேறு மாடல்தான் பார்க்க வேண்டும். கன்னத்து மெத்தை போகப்போகப் பழகும், நெற்றி அழுத்தம் பழகாது. ‘நெற்றியை அழுத்துகிறது’ என்று ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்து ஓட்டுகிறவர்களில் பலருக்குச் சிக்கல் இதுதான்.

பட்டையில் இரட்டை வளையம் இருந்தால் நுனியை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, திருப்பி, வெளி வளையத்தின் மேலாகவும் உள் வளையத்தின் ஊடாகவும் எடுத்து இழுக்க வேண்டும். நுனியில் இருக்கும் அழுத்து பட்டன் காற்றில் பட்டை படபடக்காமல் இருக்க மட்டுமே. அதை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களுக்குப் பட்டை கட்டியதாகவே அர்த்தமில்லை. தாடைக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தால் போதும். வண்டியின் பக்கக் கண்ணாடிக் கம்பியில் ஹெல்மெட்டைத் தொங்கவிடாதீர்கள், உள்ளே தெர்மகோலில் குழி விழும். பெட்ரோல், தின்னர் பட்ட துணியால் துடைக்காதீர்கள். அடி வாங்கிய ஹெல்மெட்டை வெளியே கீறலே இல்லாவிட்டாலும் மாற்றுங்கள், நசுங்கிய தெர்மகோல் மீளாது.

ஹெல்மெட்டுக்கு அடுத்து ஜாக்கெட் என்றுதான் பலரும் சொல்வார்கள். நான் கையுறையையும் பூட்ஸையும் முதலில் வைப்பேன். விழும்போது கை தானாக முன்னே நீளும், யாராலும் அதைத் தடுக்க முடியாது. உள்ளங்கை சாலையைக் கவ்விப் பிடித்தால் உடம்பின் எடை மணிக்கட்டை மடக்கும். கட்டைவிரல் அடியில் இருக்கும் படகெலும்பு உடைவது இப்படித்தான். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, சேர மாதக்கணக்கில் ஆகும். உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழவழப்பான கெட்டி பிளாஸ்டிக் துண்டு வைத்த கையுறை கவ்வாமல் வழுக்கிவிடும். மணிக்கட்டுப் பட்டையைக் கட்டியபின் விரல் நுனிகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கழன்றால் வேண்டாம். பிரேக் பிடி உணர முடியவில்லை என்ற குறைக்குக் காரணம் பெரும்பாலும் விரல் நீளம் அதிகமாக இருப்பது. கையை நேராக நீட்டிப் பார்க்காமல், கைப்பிடியைப் பிடிப்பதுபோல் மடக்கிப் பாருங்கள். அப்போது உள்ளங்கையில் துணி மடிப்பு திரளக் கூடாது. துணுக்கில் ஈஎன் (EN, ஐரோப்பியத் தரவிதி) 13594 என்ற எண்ணோடு 1 அல்லது 2 என்ற நிலை இருக்கும்; கூடவே கேபி (KP) என்றிருந்தால் விரல் முட்டிப் பாதுகாப்பும் சோதிக்கப்பட்டது என்று பொருள்.

பூட்ஸில் பார்க்க வேண்டியது கணுக்கால் மூடுகிறதா, அடிப்பாகம் குறுக்கே நசுங்காமல் நிற்கிறதா என்ற இரண்டுதான். குதியையும் நுனியையும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுகினால் அது நடைக்கான காலணி. நாடா வைத்த ஷூ என்றால் நுனிகளை உள்ளே செருகிவிட வேண்டும், கியர் லீவரில் சுற்றிக்கொண்டால் சிக்னலில் கால் ஊன்ற முடியாமல் நின்ற இடத்திலேயே சாய்வீர்கள்.

ஜாக்கெட்டிலும் பேண்ட்டிலும் முழங்கை, முழங்கால் போன்ற இடங்களில் அடியைத் தாங்க வைத்திருக்கும் காப்பு அட்டைகளுக்கு ஈஎன் 1621-1 விதி. 50 ஜூல் ஆற்றலில் அடித்தால் மறுபக்கம் வரும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேல் போகாவிட்டால் முதல் நிலை, 20-க்கு மேல் போகாவிட்டால் இரண்டாம் நிலை. முதுகுக்கு 1621-2, அங்கே எல்லை முதல் நிலைக்கு 18, இரண்டாம் நிலைக்கு 9. இங்கே ஒரு எச்சரிக்கை: பல ஜாக்கெட்டுகளின் முதுகுப் பையில் இருப்பது வெறும் பஞ்சு. வெளியே எடுத்துப் பாருங்கள். பைக் ஓட்டும் உருவமும் விதி எண்ணும் அச்சடித்திருக்காவிட்டால் அதைக் கணக்கில் சேர்க்காமல், அந்தப் பையின் அளவை அளந்து தனியாக ஒன்று வாங்கிப் போடுங்கள்.

இரண்டாம் நிலை அட்டையும் இடம் மாறினால் பயனில்லை. முழங்கை மேல் இருக்கும் அட்டையைப் பிடித்துக் கையைச் சுற்றி முறுக்கிப் பாருங்கள். பக்கத்துக்கு நகர்ந்துவிட்டால் சட்டைக் கை தளர்வு. மேற்கைப் பட்டையை இறுக்கியும் நகர்ந்தால் சின்ன அளவுக்குப் போங்கள். முழங்கால் அட்டையை நின்றபடி பார்த்து ஏமாறாதீர்கள். வண்டியில் உட்கார்ந்தால் பேண்ட் மேலேறும், அதனால் நிற்கும்போது அட்டை முட்டிக்குக் கொஞ்சம் கீழே இருப்பதுதான் சரி. கடையில் ஒரு வண்டியில் உட்காரவிடச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். துணியின் தரத்துக்கு ஈஎன் 17092. ஏஏஏ மேல் நிலை, பிறகு ஏஏ, ஏ. சி என்று இருந்தால் காப்பு அட்டைகளைத் தாங்க உள்ளே போடும் உடை மட்டுமே, உரசலுக்கு மேலே வேறு ஒன்று வேண்டும். தையலையும் கவனியுங்கள். தோளிலும் முழங்கையிலும் வெளியே தெரியும் ஒற்றை வரிசைத் தையல் என்றால் துணி எவ்வளவு கெட்டியானாலும் தையல் முதலில் பிரிந்துவிடும்.

வெயில் காலத்துக்கு மெஷ் (காற்றோட்டமான வலைத்துணி) ஜாக்கெட் என்பது சரியான விடைதான், தோளும் முழங்கையும் மெஷ்ஷாக இல்லாமல் கெட்டித் துணியாக இருக்கும்வரை. காற்றின் வெப்பம் உடம்பு வெப்பத்தைத் தாண்டிவிட்டால் திறந்த தோலில் படும் காற்று குளிர்விக்காது, உள்ளே சூட்டைத்தான் ஏற்றும். வியர்வையும் நொடியில் காய்ந்து உடம்பின் நீர் வற்றும். அப்போது உள்பனியனை நனைத்துப் பிழிந்து போட்டு, மேலே ஜாக்கெட்டின் காற்றுத் திறப்புகளைப் பாதி மூடி ஓட்டிப் பாருங்கள். ஈரம் மெதுவாக ஆவியாகி ஒரு மணி நேரத்துக்காவது குளிர்ச்சி நிற்கும். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு ஓட்டுவதைவிட இது பல மடங்கு மேல்.

துவைக்கும்போது அட்டைகளைக் கழற்றுங்கள், வெல்க்ரோவை ஒட்டிவிடுங்கள், துணி மிருதுவாக்கி சேர்க்காதீர்கள். கெவ்லார் போன்ற அராமிட் இழைத் துணிக்கு பிளீச் ஆகாது, நேர் வெயிலும் ஆகாது. திரும்ப மாட்டும்போது அட்டைகள் தலைகீழாகப் போவது அடிக்கடி நடக்கும் தவறு; குழிந்த பக்கம் உடம்பை நோக்கி, அகன்ற முனை எங்கே இருந்தது என்பதைக் கழற்றும்போதே படம் எடுத்துவைத்தால் குழப்பம் இராது.

பின்னால் உட்காருபவருக்கும் இதே அளவுச் சோதனைகள்தான். பழசாகிவிட்ட நம் ஹெல்மெட்டை அவர் தலையில் மாட்டுவதை மட்டும் நிறுத்துங்கள்.

விழுந்து கிடப்பவரின் ஹெல்மெட்டை ஓடிப்போய் இழுக்கக் கூடாது என்பதையும் ஓட்டுகிற எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். மூச்சு சீராக இருந்தால் வைசரை (ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை) திறந்து, தலை அசையாமல் பிடித்துக்கொண்டு உதவி வரும்வரை காத்திருங்கள். மூச்சு இல்லை, அல்லது வாந்தியால் அடைக்கிறது என்றால் மட்டும் கழற்றலாம், அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு ஹெல்மெட்டை இரு பக்கமும் பிடித்து அசையாமல் நிறுத்துவார். மற்றவர் பட்டையை அவிழ்த்து அல்லது வெட்டி, ஒரு கையால் தாடையையும் இன்னொரு கையால் பின்கழுத்தையும் தாங்கிக்கொள்வார். பிறகு தலைமாட்டில் இருப்பவர் ஓரங்களை அகட்டி, மூக்கில் இடிக்காதபடி லேசாகப் பின்னால் சாய்த்து மெதுவாக உருவுவார். கன்னத்து மெத்தையின் அடியில் சிவப்பு நாடா தெரிந்தால் முதலில் அதை இழுத்து மெத்தைகளை வெளியே எடுத்துவிடுங்கள். அதன்பின் ஹெல்மெட் கழுத்தை இழுக்காமல் சுலபமாக வந்துவிடும்.