அகிதாவில் ஒரு ராத்திரி

ஜப்பானின் அகிதா நகரில் ஆகஸ்ட் 3 முதல் 6 வரை கான்தோ திருவிழா. 12 மீட்டர் மூங்கில் கழி, அதில் நெற்கதிர் போலத் தொங்கும் 46 காகித விளக்குகள், மொத்தம் 50 கிலோ. அதை ஒருத்தர் உள்ளங்கையில் நிறுத்துகிறார். அப்புறம் நெற்றி, தோள், இடுப்பு. கை சும்மா இருக்கிறதே என்று விசிறியை வேறு விரிக்கிறார்! நமக்குத் தண்ணீர்க் குடத்தையே ஒழுங்காகத் தூக்க வராது.

காற்றடித்ததும் ஒரு கழி எங்கள் பக்கமே சாய்ந்தது. உள்ளே எரிவது நிஜ மெழுகுவத்தி. நான் எழுந்து ஓடத் தயார். பக்கத்துப் பாட்டி அசையவே இல்லை. பாதி விளக்குகள் அணைந்துபோயின. பொறுமையாக ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். ஐலசா போடுவது மாதிரி கூட்டமே கத்தியது: "தொக்கோய்ஷோ, தொக்கோய்ஷோ!" எனக்கு இன்னும் தொண்டை கட்டியிருக்கிறது.