வயலெட் திரும்பி வரும்வரை

ஜூலை 8, 2024, திங்கள்

எம்.எஸ்சி. இரண்டாமாண்டு வகுப்பு. அணைவுச் சேர்மங்களின் நிலைப்பு மாறிலி பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் ஓர் உலோக அயனி, அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் மூலக்கூறுகள் அல்லது அயனிகள்தான் ஈனிகள். சமநிலையில் அந்தப் பிடி எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்லும் எண் நிலைப்பு மாறிலி. கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள். "மேடம், நிலைப்பு அதிகம்னா ஈனி சீக்கிரம் விட்டுப் போகாதுதானே?"

எல்லா வருடமும் யாராவது கேட்கும் கேள்வி. எல்லா வருடமும் "நிலைப்பு வேற, வேகம் வேற" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். இன்று நகர மனம் வரவில்லை. டெட்ராசயனோநிக்கலேட்டைப் பலகையில் எழுதினேன்: நிக்கலைச் சுற்றி நான்கு சயனைடு. அதன் நிலைப்பு மாறிலி, 1-க்குப் பின்னால் சுமார் முப்பது சைபர். அந்தக் கரைசலில் கதிரியக்கக் கார்பன் உள்ள சயனைடைப் போட்டால், அளந்து முடிப்பதற்குள் உள்ளே இருந்தது வெளியே வந்து, வெளியே இருந்தது உள்ளே போயிருக்கும். அதற்குப் பக்கத்தில் ஹெக்சாஅம்மைன் கோபால்ட் (3+), கோபால்ட்டைச் சுற்றி ஆறு அம்மோனியா. சமநிலைக் கணக்குப்படி அமிலத்தில் அது உடைந்தே ஆகவேண்டும். ஆனாலும் நாள்கணக்கில் உடையாமல் இருக்கிறது.

அவள் எழுதிக்கொண்டாள். நம்பியதாகத் தெரியவில்லை. நாளைக்கு லேபில் கண்ணால் பார்க்கட்டும்.

ஜூலை 9, செவ்வாய்

இரண்டு சோதனைக்குழாய்கள். ஒன்றில் காப்பர் சல்பேட், மற்றதில் குளிர்ந்த நீரில் கரைத்த குரோம் படிகாரம். இரண்டிலும் ஈடிடிஏ, உலோகத்தைப் பல பக்கமும் பிடிக்கும் ஒரு ஈனி. காப்பர் உடனே அடர்நீலமானது. குரோமியம் அதே வெளிர் வயலெட்டில் நின்றது. அரை மணி நேரம் கழித்தும் அப்படியே. வாட்டர் பாத்தில் வைத்துச் சூடாக்கிய பிறகுதான் மெல்ல மெல்ல அடர்ந்தது. ஈடிடிஏவைக் குரோமியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து உருவாகும் அணைவு மிக நிலையானது. சேர்வதற்குத்தான் நேரம் பிடிக்கிறது.

அந்தப் பெண் கேட்காமலே காரணத்துக்கு வந்தேன். எண்முகி வடிவ அணைவில் ஆறு ஈனிகளும் அச்சுகளின் மேல் இருக்கின்றன. உலோகத்தின் எலக்ட்ரான்கள் இருக்கும் ஐந்து டி ஆர்பிட்டால்களில் மூன்று அச்சுகளுக்கு இடையே நீள்கின்றன, இரண்டு நேரே ஈனிகளைப் பார்க்கின்றன. குரோமியம் (3+) அயனிக்கு மூன்று டி எலக்ட்ரான்கள். இடையில் உள்ள மூன்று ஆர்பிட்டாலிலும் ஆளுக்கொன்று. ஈனிகளைப் பார்க்கும் இரண்டும் காலி. அதனால் இருக்கும் பிணைப்பு கெட்டி. புதிதாக வருபவர் நுழையவேண்டிய இடைவெளியில் எலக்ட்ரான் உட்கார்ந்திருக்கிறது. காப்பர் (2+) நிலை வேறு. அதன் ஒன்பது டி எலக்ட்ரான்களில் மூன்று அந்த இரண்டு ஆர்பிட்டாலில் இருந்து, ஈனிகளை நேருக்கு நேர் தள்ளிக்கொண்டிருக்கின்றன. இரண்டு ஈனிகள் எப்போதும் நீண்ட, தளர்ந்த பிணைப்பில் தொங்குகின்றன.

காப்பரைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறு விநாடிக்கு நூறு கோடி முறைக்கு மேல் இடம் மாறுகிறது. குரோமியத்தின் நீர் சராசரியாக ஐந்து நாள் தங்குகிறது. இரிடியம் (3+) என்றால் சுமார் 300 ஆண்டு. அந்த எண்ணை எழுதியதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மீதியிருந்த குரோம் படிகாரக் கரைசலைக் கொதிக்க வைத்தேன். வயலெட் போய்ப் பச்சையானது. சில நீர் மூலக்கூறுகளின் இடத்தில் சல்பேட் ஏறிவிட்டது. மூடி, தேதி எழுதி, ஜன்னலோரம் வைத்தாயிற்று.

ஜூலை 10, புதன்

பீக்கர்: பச்சை. லேப் அண்ணன் கழுவப் போனார், நல்லவேளை கேட்டார்.

ஜூலை 12, வெள்ளி

குளோரோபென்டாஅம்மைன் கோபால்ட் குளோரைடு தயாரிப்பு. கோபால்ட்டைப் பிடித்தபடி ஐந்து அம்மோனியாவும் ஒரு குளோரைடும், வெளியே இரண்டு குளோரைடு. ஒரு குழு ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரேயடியாக ஊற்ற, பாதிக் கலவை பொங்கி ஃபியூம் ஹூடுக்குள் வழிந்தது. துளித்துளியாக என்று நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இந்தத் தயாரிப்பு முறையிலேயே நான் சொல்ல நினைப்பது முழுதும் இருக்கிறது. ஏன் கோபால்ட் (2+) குளோரைடிலிருந்து தொடங்குகிறோம்? 2+ நிலையில் ஈனிகள் சட்டென்று மாறும்; அம்மோனியாவைச் சுலபமாகப் போர்த்திவிடலாம். போர்த்திய பிறகு பெராக்சைடு ஊற்றி 3+ ஆக்கினால் பூட்டுப் போட்டதுபோல் ஆகிவிடும். குறைந்த தற்சுழற்சி என்ற நிலையில் ஆறு எலக்ட்ரான்களும் அச்சுகளுக்கு இடையே உள்ள மூன்று ஆர்பிட்டாலில் ஜோடி ஜோடியாக அடங்கிவிடுகின்றன. அதற்கப்புறம் ஆறாவது இடத்தில் இருக்கும் ஒரே ஒரு நீரை எடுத்துவிட்டுக் குளோரைடை வைக்க, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சூடும் வேண்டியிருக்கிறது. செய்முறைத் தாளில் "சூடாக்கவும்" என்று ஒரு சொல். அதற்குப் பின்னால் இவ்வளவு.

மதியம் செவ்வூதாப் படிகங்கள். புதிதாகக் கரைத்து சில்வர் நைட்ரேட் ஊற்றினால் மூன்றில் இரண்டு குளோரைடு மட்டும் உடனே தயிர்போல் விழுந்தது. வடிநீரைக் கொதிக்க வைத்தபின் மூன்றாவதும் வந்தது. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்படும் முன்பே, 1893-இல், இந்தமாதிரி எண்ணிக்கைகளை வைத்துத்தான் ஆல்ஃப்ரெட் வெர்னர் உலோகத்தைச் சுற்றி ஆறு இடம் என்று சொன்னார். உள்ளே இருக்கும் குளோரைடு வெளியே வரத் தாமதித்ததால்தான் அவரால் எண்ண முடிந்தது. கோபால்ட் (3+) காப்பரைப் போல வேகமாக ஈனி மாற்றியிருந்தால் மூன்றும் ஒன்றாக விழுந்திருக்கும்.

ஜூலை 16, செவ்வாய்

உலோகத்தைப் பற்றியே பேசினோம், ஈனி சும்மாதான் இருக்கிறதா? இன்று வேதியியலாளர் ஹென்றி டாப் செய்த சோதனை. என் மாணவப் பருவத்தில் படித்துத் தூக்கம் போன பாடம்.

1953. நாம் வெள்ளியன்று செய்த அதே ஊதா அயனியைக் குரோமியம் (2+) உடன் சேர்த்தார். குரோமியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கிறது, கோபால்ட் வாங்குகிறது. வாங்கிய கோபால்ட் 2+ ஆகி, பூட்டுத் திறந்து, அம்மோனியாவை எல்லாம் உதிர்க்கிறது. கொடுத்த குரோமியம் 3+ ஆகி இறுகுகிறது. முடிவில் பார்த்தால் குளோரைடு குரோமியத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது! கரைசலில் கதிரியக்கக் குளோரைடை மிதக்கவிட்டும் பார்த்தார்கள். அது விளைபொருளில் ஏறவில்லை. அப்படியானால் அந்தக் குளோரைடு கோபால்ட்டிலிருந்து நேராக வந்ததுதான். எலக்ட்ரான் தாண்டிய கணத்தில் இரண்டு உலோகங்களையும் அது ஒருசேரப் பிடித்திருக்கிறது. மெதுவாக மாறும் உலோகமும் வேகமாக மாறும் உலோகமும் இப்படி இடம் மாற்றிக்கொள்ளாமல் இருந்தால் இந்தச் சாட்சியமே கிடைத்திருக்காது. அந்த ஜோடியைத் தேர்ந்தெடுத்ததில்தான் டாபின் மேதைமை என்று நினைக்கிறேன். 1983-இல் நோபல் பரிசு.

பிறகு குரோமியம் (2+) கோபால்ட்டுக்கு எலக்ட்ரான் கொடுக்கும் வேகத்துக்கு இரண்டு மாறிலிகளை எழுதினேன். ஆறாவது இடத்தில் அம்மோனியா: 0.00009 அளவில். குளோரைடு: 6 லட்சம். உலோகம் அதே, மற்ற ஐந்து ஈனிகளும் அதே. ஒரே இடத்தில் ஒரே மாற்றம், வேகம் 600 கோடி மடங்குக்கு மேல் கூடுகிறது. அம்மோனியாவிடம் பிணைப்புக்குக் கொடுக்க இருந்த ஒரே தனி எலக்ட்ரான் ஜோடி கோபால்ட்டுக்குப் போய்விட்டது. இன்னொரு உலோகத்தைப் பிடிக்கக் கை இல்லை. குளோரைடுக்கு இன்னும் ஜோடிகள் மிச்சம்.

"அப்போ அந்தக் குளோரைடுதான் பாலமா மேடம்?" என்றாள் கடைசி பெஞ்சுப் பெண். பாடப்புத்தகத்தில் அந்தச் சொல்லே இருக்கிறது. அவள் இன்னும் அந்தப் பக்கம் புரட்டவில்லை.

ஜூலை 22, திங்கள்

பதின்மூன்று நாள். அந்தப் பெண் எனக்கு முன்னால் லேபுக்கு வந்து பீக்கரை வெள்ளைத் தாள் முன் பிடித்திருந்தாள். பக்கத்தில் அன்றைக்கே கொதிக்க வைத்த பச்சை, ஒப்பிட. பழையதில் நீலம் கலந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்த்தால் ஓரத்தில் வயலெட் தெரிகிறது.

"சல்பேட் இறங்கிட்டே இருக்கு மேடம்," என்றாள். மூடியில் இன்றைய தேதியை எழுதி ஜன்னலோரம் திரும்ப வைத்தாள்.